படிக்கட்டை மூடிய பிறகு உள்ளே போனவர்கள்

எங்கள் காம்ப்ளக்ஸில் ஒரு படிக்கட்டை மூடினார்கள். அன்றிலிருந்து என் வாசல் வழியாக உள்ளே போன ஆட்கள் வெளியே வரவில்லை.

வாட்ச்மேன் வேலை சின்ன வேலைதான். போகிற ஆளைப் பார்க்க வேண்டும். வருகிற ஆளைப் பார்க்க வேண்டும். விசிலும் சல்யூட்டும் முதலாளி வரும்போது செய்கிற அலங்காரம். போகிறவர்கள் மட்டும் இருந்து, வருகிறவர்கள் இல்லாமல் போனால் இந்த வேலையில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீங்களும் காந்திபுரத்துக் காம்ப்ளக்ஸ்களில் துணி எடுக்கவோ செல்போன் ரிப்பேருக்கோ ஏறி, வந்த வழி தெரியாமல் ஒரே கடையைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டீர்கள். நான் சொல்கிறேன்.

ஈசானிய மூலை

எங்கள் கட்டடம் உண்மையில் இரண்டு கட்டடம். ரோட்டைப் பார்த்து ஒன்று, பின்சந்தைப் பார்த்து ஒன்று. முன்னது பழசு. பின்னதைப் பிறகு கட்டி, மாடிக்கு மாடி ஒரு நடைபாலம் போட்டு ஒட்டிவிட்டார்கள். மட்டம் சேரவில்லை. முன்கட்டடத்து இரண்டாம் மாடியிலிருந்து பாலத்தைத் தாண்டினால், பின்கட்டடத்தில் எந்த மாடியும் இல்லாத இடத்தில், படி திரும்புகிற மேடையில் போய் நிற்பீர்கள். லிஃப்ட் உண்டு. ஓடாது.

முன்கட்டடத்தில் இரண்டு படிக்கட்டு. ஜனங்கள் தெற்குப் படியில் ஏறி, வராண்டாவில் கடை பார்த்துக்கொண்டே நடந்து, வடகிழக்கு மூலைப் படியில் இறங்கி வருவார்கள். இரண்டும் என் கண்ணில் இருந்தன. முதலாளியின் அக்காவுக்குப் போன வருஷம் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார். அதிலிருந்து அந்த அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். ஈசானிய மூலையில் படிக்கட்டு கூடாது, அங்கே கால் படவே கூடாது என்று அவர் சொன்னார். மூடினார்கள். கால் படக்கூடாது என்பதற்காக இரண்டாம் மாடி வராண்டாவின் குறுக்கேயும் ஒரு சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாக் கடையும். அந்தப் பக்கம் ஒரே கடை.

அது ரோஸ்லின் அம்மணியின் தையல் கடை. சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குச் சின்னப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை கவுன், கல்யாண கவுன், கூடவே எல்லோருக்கும் ஜாக்கெட். முதலாளி வேறு கடை தருகிறேன் என்றார். அந்த அம்மணி தலையை ஆட்டவில்லை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஓட்ட அந்த மூலை வெளிச்சம் வேண்டுமாம். சுற்றிக்கொண்டு வர வழி இருக்கிறது, வருவார்கள் என்றது. பாலம் தாண்டி, அந்த மேடையிலிருந்து கொஞ்சம் படி ஏறி, ஒரு குறுகலான இடைகழி வழியாக முன்கட்டடத்துக்கே திரும்பி, மறுபடி இறங்கினால் அதன் கடை. சொல்லும்போது சுலபம்.

“கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேனுங்கய்யா. அதுக்குள்ள ஆளு வந்தா இங்க. வரலைன்னா மெசினைத் தூக்கிட்டுக் கருமத்தம்பட்டிக்குத் தம்பி ஊட்டுக்குப் போயிருவேன்” என்றது.

காத்திருந்தவர்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி வந்தார். மகளுக்குக் கல்யாணம். மனைவியும் மகளும் ஜாக்கெட் அளவு கொடுக்க மேலே போனார்கள். அவர் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார். நான் கேட்கவில்லை. படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள். இறங்குகிற செருப்புச் சத்தமே இல்லை. மேலே அவ்வளவு பேருக்கு இடம் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

வியாபாரிக்குப் பேச்சு தீர்ந்தது. எழுந்து மேலே போகிறேன் என்றார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. அப்போது அவர் போன் அடித்தது. மனைவி. வாழையிலைக் கட்டு அடுக்கின ஏதோ சந்தில் நிற்கிறார்களாம். எப்படி வந்தோம் என்று தெரியவில்லையாம். தையல் கடையைப் பார்க்கவே இல்லையாம். கட்டடத்தைச் சுற்றிப் போய் அழைத்து வந்தார். மகள் முகம் வெளுத்திருந்தது. வியாபாரியின் மனைவிதான் என்னிடம் பேசியது.

“ஏனுங், படியேறிப் போனமுங்க. எங்கியும் நிக்கல, நடந்துட்டேதான் இருந்தோம். உங்க கட்டடம் எங்களைத் துப்பிப்போட்டுதுங்க.”

என் கால்

பெண்பிள்ளைகள் பராக்குப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன். ரோஸ்லின் அம்மணிக்குக் கூரியரில் ஒரு லேஸ் பார்சல் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். தெற்குப் படி, வராண்டா, பாலம், மேடை. மேடையில் ஏறுகிற படி ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது. இருட்டு. இறங்குகிற படி அகலம். கீழே பேக்கரி. பப்ஸ் வேகிற வாசனை, வெயில், ஜனச் சத்தம். நான் தூணைப் பார்த்தேன். அங்கேதான் போக வேண்டும் என்று மனசில் சொல்லிக்கொண்டேன். அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, பின்சந்தில் கையில் பார்சலோடு நின்றது.

சரி, வயசாகிவிட்டது என்று அந்தப் படியிலேயே திரும்பி ஏறினேன். ஏறி வரும்போது எதிரே பாலம் வெளிச்சமாகத் தெரிகிறது. தூண் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பாலத்தைத் தாண்டி மறுபடி வராண்டாவுக்கு வந்துவிட்டேன். திரும்பினேன். இந்த முறை சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். கை சுவரில் இருந்தது. கால் இறங்கிவிட்டது. சின்ன வயசில் ஆற்றில் இழுபட்டிருக்கிறேன். அப்போதாவது இழுப்பது தெரிந்தது.

சந்தில் வாழையிலை விற்கிற அம்மா ஒன்று உண்டு. என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“ஏனுங் பெரியவரே, இந்தப் படியில எறங்குறவங்களத்தான் நெதமும் பாக்கறேன். இத்தனை பேரும் எதுல ஏறுறாங்க?”

அம்புக்குறி

முதலாளியின் மருமகன் இஞ்சினியர். விஷயத்தைச் சொன்னேன். வரைபடத்தை விரித்தார். வழி இருக்கிறது, அகலம் சரியாக இருக்கிறது, போர்டு இல்லாததுதான் குறை என்றார். மேடையில் பெரிய போர்டு வைத்தார். தையல் கடை என்று எழுதி, மேலே பார்த்து ஒரு சிவப்பு அம்புக்குறி.

நான் பாலத்தில் நின்று பார்த்தேன். ஒரு குடும்பம் வந்தது. போர்டுக்கு முன்னால் நின்றார்கள். அப்பா சத்தமாகப் படித்தார். “தையல் கடை மேலே.” எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்கள். அடுத்து இரண்டு காலேஜ் பெண்கள். அதேதான். இஞ்சினியரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் இன்னொரு குடும்பமும் இறங்கிப் போவதைப் பார்த்தார். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“அவங்க படிக்கறாங்க, புரிஞ்சுக்கறாங்க. அப்புறம் வேற யாரோ நடக்கறாங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம்

வராண்டாச் சுவர் ஒற்றைச் செங்கல். ரோஸ்லின் அம்மணியின் மெஷின் ஓடுகிற சத்தம் அதில் நன்றாகக் கேட்கும். கடை தேடி வருகிறவர்கள் சுவருக்கு முன்னால் நின்று காதை வைப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். வரிசையாக மூன்று பெண்கள், கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கண் மூடி. கோயிலில்கூட அப்படி நின்று பார்த்ததில்லை. போன் மேப்பில் வழி பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு அது அங்கே கொண்டுவந்து நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லும். வெறும் சுவர். உள்ளே மெஷின் சத்தம்.

தட்டினால் அந்த அம்மணி குரல் கொடுக்கும். “வாங்கம்மணி, சுத்தி வாங்க. பாலத்தைத் தாண்டித் தூணுக்குப் பின்னால ஏறுங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.” சரி என்று போவார்கள். அவ்வளவுதான். உள்ளே அந்த அம்மணி மெஷினை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே நான் படியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேருக்கும் யாரும் வர மாட்டார்கள். ஒரு பெண் பொறுக்காமல் சுவர் வழியாகவே அளவைக் கத்திச் சொன்னது. தோள், கை, இடுப்பு எல்லாம். வராண்டாவே கேட்டது. பக்கத்துச் செல்போன் கடைக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். அந்த ஜாக்கெட்டை ரோஸ்லின் அம்மணி தைத்தும் வைத்தது. வாங்க வந்தவளும் வழியில் காணாமல் போனாள்.

மார்கழிக் குளிர் ஆரம்பித்த சமயம். அந்த அம்மணி தினமும் வீட்டுக்குப் போகும்போது பின்சந்து வழியாக இறங்கி, சுற்றி வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகும். காலையில் அதன் கால் மட்டும் எப்படியோ கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்; கூடப் போனவர்கள் எல்லோரும் வழியிலேயே கீழே இறங்கிவிடுவார்கள். ஜன்னலில் பேப்பர் நட்சத்திரம் கட்டியிருப்பதாகச் சொன்னது. யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன்.

“காக்கா பாத்துச்சுங்கய்யா. நாள் பூரா செவுத்துக்குள்ளருந்து வாரேன் வாரேன்னு கொரலா கேக்குது. ஒரு மொகத்தைக் கண்டேனுங்களா? செத்தவங்க அளவு குடுக்கற மாதிரி இருக்குதுங்க.”

செருப்புகள்

சுவர் புதுசாக, வெள்ளையாக, மூலையில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வெற்றிலைச் சாறு. முதலாளி வழக்கமான வைத்தியத்தைச் செய்தார். சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டினார். பிள்ளையார், சிலுவை, மெக்கா, மூன்றும் வரிசையாக. துப்புவது நின்றது. கும்பிடுவது ஆரம்பித்தது. யாரோ ஒரு விளக்கு வைத்தார்கள். யாரோ பூ வைத்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கும்பிட்டுவிட்டுக் காதை வைப்பார்கள். மெஷின் சத்தம். குரல். சுற்றி வாங்க என்கிறது. இதோ பக்கத்தில்தானே என்று வெறுங்காலோடு கிளம்புவார்கள். பிறகு அவர்கள் பின்சந்தில். செருப்பு இங்கே. திரும்பி வந்து எடுத்தவர்கள் உண்டு. வழி புரியாமல், இல்லை பயந்துபோய், அப்படியே பஸ் ஏறினவர்கள்தான் அதிகம். தினமும் காலையில் நான் மேலே போய்ப் பார்ப்பேன். சுவரைப் பார்த்தபடி செருப்புகள் நிற்கும். பெண்கள் செருப்பு, கிழவர் செருப்பு, ஒரு குழந்தையின் சின்னச் சிவப்புச் செருப்பு. எல்லாம் சுவருக்குள் நடந்து போன மாதிரி, மூக்கு அந்தப் பக்கம் பார்த்து.

கூட்டிப் பெருக்குகிற மாராத்தாள் எதற்கும் பயப்படாத ஆள். எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுவாள். அந்த இடத்துக்கு மட்டும் விளக்குமாற்றைக் கொண்டு போக மாட்டேன் என்றாள். அதட்டினேன்.

“நீங்க வேணும்னா கூட்டுங்க. வந்த காலுக்கு அடையாளம் இருக்குது. போன காலுக்கு இருக்குதுங்களா? ஆளில்லாத செருப்புல நான் கை வெக்க மாட்டனுங்க.”

பெட்டி கட்டினது

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. வழக்கமாக அந்தச் சமயம் ரோஸ்லின் அம்மணிக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அந்த வருஷம் என்னிடம் வந்து, சாக்கும் கயிறும் கிடைக்குமா என்று கேட்டது. வாங்கிக் கொடுத்தேன். மெஷினை இறக்க ஆள் வேண்டும் என்றது. ஆளை அனுப்பினேன். அந்த ஆளும் கடைக்குப் போய்ச் சேராமல் பின்சந்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அதனால் ஒருநாள் தள்ளிப் போனது. அந்த ஒருநாள் இல்லையென்றால் இதை நான் எழுத வேண்டியதே இல்லை.

“போறதுக்கும் விடமாட்டேங்குது பாருங்கய்யா” என்று அந்த அம்மணி சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடையில் உட்கார்ந்தது

மறுநாள் மத்தியானம் முதலாளியின் அக்கா காரில் வந்து இறங்கினார். படியை மூடச் சொன்ன அதே அம்மா. மூடியதிலிருந்து மாடிப் பக்கம் வந்ததே இல்லை. பேத்திக்குச் சீர். அதற்கு ரோஸ்லின் தைத்த ஜாக்கெட்தான் இவர் போடுவாராம். நான் கூட வருகிறேன் என்று எழுந்தேன். “எங்கூட்டுக் கட்டடத்துல எனக்கே வழி காட்டுறீங்களா? உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். போகிறவரைப் பார்த்தேன். வெள்ளைச் சேலை படி திருப்பத்தில் மறைந்தது.

வரவில்லை. டிரைவர் பின்சந்துக்கு ஓடினான். அங்கேயும் இல்லை. இதுவரை அப்படி ஆனதில்லை. எல்லோரும் ஏதாவது ஒரு பக்கம் வெளியே வந்துதான் இருக்கிறார்கள். மேலே போனேன். சுவருக்கு முன்னால் அந்த அம்மாவின் தோல் செருப்பு, மற்ற செருப்புகளோடு வரிசையில் நின்றது. தட்டினேன். “குரல் குடுத்தாங்க, சுத்தி வரச் சொன்னேன், வரலைங்க” என்றது சுவர்.

பாலத்தில் ஓடினேன். மேடையில், போர்டுக்குக் கீழே, அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால் இரண்டையும் நீட்டி, கையால் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை போய் வந்தாரோ, பாதம் கறுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. காலையே பார்த்தார். “நான் ஏறோணும்னு நெனைக்கறேன். இது எறங்குது. இனி இதை நம்ப மாட்டேன்” என்றார்.

போன் போட்டேன். முதலாளி வந்தார். இஞ்சினியர் வந்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. சுவருக்கு முன்னால் கிடக்கிற செருப்பெல்லாம் யாருடையது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். சின்னச் சிவப்புச் செருப்பையும் சொன்னேன். அதைக் கேட்டு யாராவது வந்தார்களா என்றார். இல்லை என்றேன். காலிலிருந்து கையை எடுத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

“நான் எறங்க மாட்டேன். செவுத்த எறக்குங்க.”

“அக்கா, நீங்க சொல்லித்தானே கட்டினோம். ஈசானியத்துல கால் படக்கூடாதுன்னு…”

“கட்டச் சொன்னவதான் சொல்றேன். கால் மட்டுந்தாண்டா படல. ஊர்ச் செருப்பு பூரா அந்த மூலையிலதான கெடக்குது.”

ஓட்டை

கொத்தனார் வருகிற வரைக்கும் அந்த அம்மா அங்கேயே இருந்தார். டைல்ஸை உடைக்காமல் எடுத்துத் தனியாக வைத்தார்கள். முதல் செங்கல் அந்தப் பக்கம் விழுந்ததும் அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வராண்டாவில் நீளமாக விழுந்தது. அந்த இடம் அவ்வளவு இருட்டாக இருந்தது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஓட்டையில் ரோஸ்லின் அம்மணியின் முகம். கழுத்தில் டேப். பின்னால் சாக்கில் கட்டின மெஷின். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது, எல்லோரும் நிஜமா என்று பார்க்கிற மாதிரி.

சாயங்காலத்துக்குள் மூலைப் படியையும் திறந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து ஜனங்கள் தெற்கே ஏறி மூலையில் இறங்கினார்கள். இறங்குகிற சத்தத்தை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகக் கேட்டேன். சாக்கை அவிழ்த்தாகிவிட்டது. கிறிஸ்துமஸ் கழிந்தும் மெஷின் ஓடுகிறது. செருப்புகளை வாசலில் என் பக்கத்தில் வைத்தேன். பல பேர் வந்து சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்கள். சிவப்புச் செருப்பு மட்டும் இருக்கிறது. அதை மேலே கொண்டுபோய் வைக்க மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. மாராத்தாள் அதைச் சுற்றித்தான் பெருக்குகிறாள்.

முதலாளியின் அக்கா ஜாக்கெட் வாங்க வந்தபோது மூலைப் படியிலேயே ஏறி, அதிலேயே இறங்கினார். என் ஸ்டூல் பக்கத்தில் நின்று சிவப்புச் செருப்பைப் பார்த்தார். குனிந்து, ரோட்டைப் பார்க்கும்படி அதன் மூக்கைத் திருப்பி வைத்தார்.

“வெளியே பாத்து இருக்கட்டுங்க. எங்கிருந்து வந்தாலும் போட்டுட்டுப் போறதுக்குத் தோதா இருக்கும்.”

மூலை பார்த்தவர், அம்புக்குறி வரைந்தவர், வாசலில் உட்கார்ந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்த நான் என்று இத்தனை பேர் இருந்தும், எங்கள் காம்ப்ளக்ஸில் போன ஆள் திரும்பி வருவதற்கு வழி விட்டது, வழியை அடைக்கச் சொன்ன அதே அம்மா, முதலாளியின் அக்கா பாப்பாத்தியம்மா.